மண்ணின் கணக்கர் ஜே.சி. குமரப்பா

மும்பையில் நிறுவனங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்த தமிழர் ஒருவர், பின்னாளில் மண்ணின் வரவு செலவையும் ஆராய்ந்தார். அவர்தாம் ஜே.சி. குமரப்பா.

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, அங்கேயே பணியாற்றினார். தாயின் விருப்பத்திற்கு இணங்கி 1919இல் நாடு திரும்பினார். அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றார். ஆங்கில ஆட்சியின் நிதிக்கொள்கை இந்தியரை ஏழைகளாக்கியதை அவரது ஆய்வு காட்டிற்று. 1929இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தபின், வருவாய் மிக்க தொழிலைத் துறந்து கதராடை அணிந்தார்.

1934இல் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகி, வார்தாவின் மகன்வாடியில் தங்கினார். அங்கே கழிவுகள் மக்கி எருவாயின. விளைச்சலாக மண்ணிடம் பெற்றதை எருவாகத் திருப்பித் தராவிடில் மண் வறுமையுறும் என்பதே அவர் கண்ட கணக்கு.

இக்கணக்கைத் தக்காளிச் செடியிலும் காணலாம். தழைச்சத்து இலைகளையும், மணிச்சத்து வேர்களையும், சாம்பல்சத்து கனிகளையும் செழிக்கச் செய்யும். நீரில் கரைந்த சத்துகளையே வேர் உறிஞ்சும். மக்கிய எரு மண்ணின் ஈரத்தைக் காக்கும், நுண்ணுயிர்களைப் பெருக்கும், சத்துகளைச் சிறிது சிறிதாகத் தரும். ஈரம் சீராக இல்லாவிடில், மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் அது காயைச் சென்றடையாது. காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும்.

விடுதலைக்குப்பின் நாட்டில் உணவுப் பற்றாக்குறை நிலவியது. விரைந்த விளைச்சலுக்கு அரசு வேதியுரத்தை நாடியது. 1951இல் சிந்திரியில் பெரிய உரத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நோயறியாமல் மருந்து தரலாகாது. அதுபோல், மண்ணை ஆராயாமல் உரமிடுதல் தகாது எனக் குமரப்பா வாதிட்டார். தம்மோடு விடுதலைக்குப் பாடுபட்டோரின் அரசே ஆயினும், மாற்றுக் கருத்தைக் கூற அவர் தயங்கவில்லை.

இறுதிக் காலத்தில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த அவர், 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மறைந்தார். அது காந்தியடிகளின் நினைவு நாளும் ஆகும்.

செம்பூரின் மாடத்திலோ தாராவியின் வாசலிலோ தொட்டியில் வளரும் தக்காளிக்கும் அவர் கணக்குப் பொருந்தும். சமையலறையின் காய்கறித் தோல் மக்கி மண்ணைச் சேர்ந்தால், மண்ணின் கடன் குறையும்.

சொற்பொருள்
தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்
எரு – மக்கிய இயற்கை உரம்
தகாது – பொருந்தாது
மாடம் – மாடி முகப்பு

விடை எழுதுக
1. குமரப்பா மும்பையில் செய்த தொழில் யாது?
2. மக்கிய எரு தக்காளிச் செடிக்கு எவ்வாறு உதவுகிறது?
3. வேதியுரம் பற்றிக் குமரப்பா கூறிய கருத்தை உம் சொற்களில் எழுதுக.