பட்டாளம் பார்க்காத கர்னல்

எண்ணெய்க் கிணறுகளின் கதையில் கர்னல் டிரேக் என்ற பெயர் தவறாமல் வரும். ஆனால் அவர் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. ரயிலில் கண்டக்டராக வேலை பார்த்தவர்!

எட்வின் டிரேக் 1819இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பண்ணைகளில் வளர்ந்தவர். பெரிய படிப்பு கிடையாது. 19 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். நீராவிக் கப்பலில் இரவு நேர குமாஸ்தா, ஓட்டல் குமாஸ்தா, ஜவுளிக்கடைச் சிப்பந்தி என்று ஊர் ஊராகப் பிழைத்தார். பிறகு நியூ ஹேவன் நகரத்து ரயில்வேயில் சேர்ந்தார்.

1854இல் மனைவி பிரசவத்தில் இறந்தார். 1857இல் லாரா என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு உடம்பு கெட்டு, வேலையும் போயிற்று. கையில் மிஞ்சியது இலவச ரயில் பாஸ் ஒன்றுதான்.

அந்தப் பாஸ்தான் அவருடைய தலையெழுத்தை மாற்றியது.

அவர் தங்கியிருந்த ஓட்டலில் டவுன்சென்ட் என்ற பாங்க் அதிபரும் இருந்தார். பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்ற ஊரில் ஓடை நீரில் எண்ணெய் மிதந்து வந்தது. ஜனங்கள் அதை வழித்தெடுத்து மருந்தாகப் பூசினார்கள். அதைக் காய்ச்சி வடித்தால் விளக்கு எரிக்கலாம் என்று ஒரு பேராசிரியர் 1855இல் அறிக்கை கொடுத்திருந்தார். டவுன்சென்டும் கூட்டாளிகளும் அங்கே ஆள் அனுப்ப நினைத்தார்கள். டிரேக்கை அனுப்பினால் ரயில் செலவு மிச்சம்! ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம் பேசினார்கள். ஊரார் மதிக்கட்டும் என்று, கடித உறைகளில் அவர் பெயருக்கு முன்னால் 'கர்னல்' என்று எழுதி அனுப்பினார் டவுன்சென்ட். பட்டம் ஒட்டிக்கொண்டது.

1858இல் டிரேக் குடும்பத்தோடு டைட்டஸ்வில் போய்ச் சேர்ந்தார். உப்புக் கிணறு தோண்டுவதுபோல் துளை போட்டுப் பார்க்கலாம் என்பது திட்டம். பில்லி ஸ்மித் என்ற கொல்லர், உப்புக் கிணற்றுக் கருவிகள் செய்து பழகியவர், தம் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊரார் சிரித்தார்கள்.

துளை போடப் போட மண் சரிந்தது, தண்ணீர் புகுந்தது. இங்கேதான் டிரேக்கின் மூளை வேலை செய்தது. 10 அடி நீள இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து இறக்கினார். 32 அடியில் பாறை தட்டியது. குழாய்க்குள் உளியை விட்டு, பாறையில் நாளைக்கு 3 அடி வீதம் துளைத்தார்கள். அவர் செய்த பெரிய காரியம் இதுதான். எண்ணெய்க்காகத் துளை போட்டதில் பாக்கூவும் கனடாவும் அவருக்கு முந்தியவை. ஆனால் எண்ணெயைப் பெருந்தொழில் ஆக்கியது இந்தக் கிணறுதான்.

பணம் தீர்ந்தது. கம்பெனி கைவிரித்தது. டிரேக் நண்பர்களை ஜாமீன் வைத்து 500 டாலர் கடன் வாங்கினார். வேலையை மூடிவிட்டு வரும்படி டவுன்சென்டும் கடிதம் போட்டுவிட்டார். அது வந்து சேருமுன், 1859 ஆகஸ்ட் 27 சனிக்கிழமை, உளி 69 அடியைத் தொட்டது. மறுநாள் ஸ்மித் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். எண்ணெய் மிதந்தது!

ஓடைக்கரை நிலங்களுக்குப் போட்டி வந்தது. நேற்றுவரை காய்ந்து கிடந்தவர்கள் லட்சாதிபதி ஆனார்கள். 1867இல் நம் அசாமிலும் மாக்குமில் எண்ணெய் எடுத்தார்கள்.

டிரேக் மட்டும் நிலம் வளைத்துப் போடவில்லை. குழாய் முறைக்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. அவர் சம்பளத்து ஆள். சொன்ன வேலையை முடித்தார், அவ்வளவுதான். 1860இல் கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. உள்ளூர் நீதிபதியாக இருந்தும், எண்ணெய் வாங்கிக் கொடுத்தும் கொஞ்சம் சேர்த்தார். 1863இல் ஊரைவிட்டுப் போனார். சேர்த்ததையெல்லாம் நியூயார்க்கில் எண்ணெய்ப் பங்குகளில் போட்டுத் தொலைத்தார். நியாயமாகச் சொன்னால், அந்த நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு.

அடுத்து முதுகெலும்பில் நோய். நடக்க முடியவில்லை. லாரா தையல் வேலை செய்து புருஷனையும் பிள்ளைகளையும் காப்பாற்றினார். 1869இல் பழைய ஊர்க்காரர் ஒருவர் நியூயார்க்கில் டிரேக்கைத் தற்செயலாகச் சந்தித்து, அவர் நிலையைக் கண்டு திடுக்கிட்டார். டைட்டஸ்வில் மக்கள் நிதி திரட்டி அனுப்பினார்கள். 1873இல் பென்சில்வேனியா அரசு ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகை அளித்தது. அவருக்குப் பிறகு மனைவிக்கும் அது தொடரும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

1880 நவம்பரில் பெத்லகேம் என்ற ஊரில் டிரேக் காலமானார். 1901இல் டைட்டஸ்வில்லில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. செலவை ஏற்றவர் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஹென்றி ரோஜர்ஸ், எண்ணெயில் பணம் குவித்தவர். டிரேக்கின் உடலையும் அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.