பேச்சிழந்த கவிஞரும் படுக்கையிலிருந்து சோறூட்டிய மனைவியும்

கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் போனவர்கள் திரும்பும்வரை, லயத்து இஸ்தோப்பில் தனியே உட்கார்ந்திருக்கும் முதியவர்களை இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பார்க்கலாம். சிலருக்குப் பெற்ற பிள்ளையின் பெயரே நினைவிலில்லை. 77இலும் 83இலும் அடிபட்டு ஓடிய நாட்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அறளை பெயர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் வீட்டிலும் இதே துயரம் 34 ஆண்டுகள் இருந்தது.

1899 மே 24 அன்று, மேற்கு வங்கத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உள்ள சுருலியா கிராமத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, ரொட்டிக்கடையில் வேலை செய்தார். 1922இல் வெளியான வித்ரோஹி கவிதை அவரைப் புரட்சிக் கவிஞராக்கியது. பிரித்தானிய அரசு அவரைச் சிறையிலடைத்தது. அங்கே உண்ணாவிரதம் இருந்தார். 1924இல் இந்துப் பெண்ணான பிரமீளாவை மணந்தார்.

1939இல் பிரமீளா பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். 1942 ஜூலையில், 43 வயதில், நஸ்ருலின் நாக்குக் குழறத் தொடங்கியது. பின்னர் பேச்சும் நினைவும் போயின. ராஞ்சி மனநல மருத்துவமனையிலும் குணமாகவில்லை. இருவரையும் பராமரித்த மாமியார் கிரிபாலா 1946இல் காணாமற்போனார். நடக்க முடியாத பிரமீளாவே படுத்தபடி கணவருக்குச் சோறூட்டினார்.

1953இல் வியன்னா மருத்துவர்கள் அது பிக் நோய் என்றார்கள். மூளையின் முன்பகுதி சுருங்கி, பேச்சையும் நடத்தையையும் குலைக்கும் மறதிநோய் அது. நோயின் பெயரை அறியவே அந்தக் குடும்பத்துக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை.

1962இல் பிரமீளா மறைந்தார். அதன்பின் மகன்களின் குடும்பங்கள் அவரைத் தாங்கின. 1972இல் வங்கதேசம் அவரை டாக்காவுக்கு அழைத்துச் சென்றது. 1976 ஆகஸ்ட் 29 அன்று அங்கேயே இறந்தார். மனைவி சுருலியாவிலும் அவர் டாக்காவிலும் அடக்கமாயினர்.

உலகமறிந்த கவிஞரையும் கடைசிவரை தாங்கியது வீட்டு மனிதர்கள்தான். நம் லயங்களில் அந்தச் சுமை பெரும்பாலும் பேர் போட்டுவிட்டுக் களைத்து வரும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மறதியை வயதின் குற்றமென்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். தைரொயிட் கோளாறாலோ விற்றமின் குறைவாலோ வரும் மறதியைச் சரிசெய்ய முடியும். சரிசெய்ய முடியாததென்றால், பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு பகலாவது ஓய்வு கொடுங்கள். ஏசுவதால் நினைவு திரும்பாது. பெயரை மறந்தவருக்கும் அன்பான கை தெரியும்.