'குட்டி இளவரசன்' எழுதியவர் கடலில் மாயமானது எப்படி? 60 ஆண்டுகளுக்குப் பிறகு உறுதியான விமானம்... விலகாத மர்மம்!

1944 ஜூலை 31. காலை சுமார் 8.45 மணி. மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிகா தீவில் இருந்து ஒரு ராணுவ விமானம் கிளம்புகிறது. உள்ளே ஒரே ஒருவர். பிற்பகல் 2.30 மணியைத் தாண்டியும் அது திரும்பவில்லை. அதற்குள் எரிபொருளும் தீர்ந்திருக்கும். அந்த விமானி, உலகமே கொண்டாடும் 'குட்டி இளவரசன்' கதையை எழுதிய அந்த்வான் து செந்த்-எக்சுபெரி.

யார் இவர்?

1900-ல் பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்தவர். 4 வயதுக்குள் அப்பாவை இழந்தார். 12 வயதிலேயே முதல்முறையாக விமானத்தில் பறந்தார். 1926-ல் தபால் விமான நிறுவனத்தில் சேர்ந்து, பிரான்ஸில் இருந்து ஆப்பிரிக்காவுக்குக் கடிதங்களைக் கொண்டுபோனார். அந்த அனுபவங்களே அவருடைய புத்தகங்களாகின.

1935 டிசம்பரில், பாரிஸில் இருந்து சைகோனுக்கு வேகச் சாதனை படைக்கக் கிளம்பியபோது, விமானம் பாலைவனத்தில் விழுந்தது. அவரும் மெக்கானிக்கும் தண்ணீர் இல்லாமல் நாட்கணக்கில் தவித்தனர். ஒட்டகத்தில் வந்த நாடோடி ஒருவர்தான் இருவரையும் காப்பாற்றினார். 'குட்டி இளவரசன்' கதையிலும் ஒரு விமானி பாலைவனத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்.

ஏன் மறுபடியும் பறந்தார்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்ததும் அமெரிக்கா போனார். 1943-ல் நியூயார்க்கில் அந்தப் புத்தகம் வெளியானது. ஆனால் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை. போர்முனைக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது 43. அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான வயது வரம்பைத் தாண்டியிருந்தார். பழைய விபத்துக் காயங்களால் விமானி உடையைப் போடவே மற்றவர்கள் உதவி தேவைப்பட்டது. அப்படியும் விடாமல் கேட்டு அனுமதி வாங்கினார். அவருக்குக் கிடைத்தது துப்பாக்கிக்குப் பதிலாக கேமரா பொருத்திய லாக்ஹீட் எஃப்-5பி உளவு விமானம். கடைசிப் பயணமும் தெற்கு பிரான்ஸைப் படமெடுக்கத்தான்.

வலையில் சிக்கிய காப்பு

54 ஆண்டுகள் எந்தத் தடயமும் இல்லை. 1998-ல் மார்சேய் அருகே மீனவர் ஒருவரின் வலையில் ஒரு வெள்ளிக் காப்பு சிக்கியது. அதில் அவர் பெயர், மனைவி பெயர், நியூயார்க் பதிப்பக முகவரி எல்லாம் இருந்தன. போலியாக இருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டனர்.

2000-ல் அதே பகுதியில், நீர்மூழ்கி வீரர் ஒருவர் கடலடியில் சிதறிக் கிடந்த விமான பாகங்களைக் கண்டார். 2003-ல் சில பாகங்கள் மேலே எடுக்கப்பட்டன. ஒன்றில் 2734 என்ற தயாரிப்பு எண் இருந்தது. ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், அது அவருடைய விமானம்தான் என்று 2004-ல் உறுதியானது.

சரி, ஏன் விழுந்தது?

இதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. எதிரி சுட்டாரா? ஆக்ஸிஜன் கருவி பழுதாகி மயங்கினாரா? இன்ஜின் கோளாறா? வேண்டுமென்றே கடலில் இறக்கினாரா? எல்லாமே யூகங்கள்தான்.

கிடைத்த பாகங்களில் குண்டு துளைத்த அடையாளம் இல்லை. அதை வைத்து சுடப்படவில்லை என்றும் சொல்ல முடியாது, காரணம் கிடைத்தது விமானத்தின் ஒரு பகுதி மட்டுமே. அந்தக் காலத்து விமானத்தில் கருப்புப் பெட்டியும் கிடையாது.

2008-ல் ஜெர்மனியின் முன்னாள் போர் விமானி ஒருவர், சுட்டது தானாக இருக்கலாம் என்றார். அந்த நாளில் அவர் விமானத்தை வீழ்த்தியதாகப் பதிவு எதுவும் கிடைக்காததால், ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

மீட்கப்பட்ட பாகங்கள் இப்போது பாரிஸ் அருகே லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்த விமானம், எங்கே விழுந்தது என்பதை அவை சொல்லிவிட்டன. கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.