தேக்கில் ஒரு திருகோணமலை

குழந்தைகளே! நம் பொன்னேரி வட்டத்துக் காட்டுப்பள்ளியில், கணினியில் வரைபடம் போட்டு இரும்புக் கப்பல் கட்டுகிறார்கள். 200 ஆண்டுகளுக்கு முன் காகித வரைபடத்தைப் பார்த்து மரத்திலேயே போர்க்கப்பல் கட்டிய ஓர் இந்தியரைத் தெரியுமா? அவர் பெயர் ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா.

இவருடைய தாத்தா லோவ்ஜி, 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில் தலைமைத் தச்சர் ஆனவர். அவ்வளவு பெரிய மனிதரின் பேரன், நேராக நாற்காலியில் உட்கார்ந்துவிடவில்லை! மாதம் 12 ரூபாய் சம்பளத்தில், சாதாரணத் தச்சராக உளி பிடித்துத்தான் தொழில் கற்றார்.

பிரிட்டிஷ் கடற்படைக்குப் பம்பாயில் கப்பல் கட்ட முடிவானபோது, லண்டன் அதிகாரிகள் ஓர் ஆங்கிலேய நிபுணரை அனுப்ப நினைத்தார்கள். ஜாம்ஷெட்ஜியின் திறமையைக் கேள்விப்பட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். 1810-இல் அவர் மிண்டன் என்ற 74 பீரங்கிக் கப்பலைக் கடலில் இறக்கினார்.

அடுத்து வந்ததுதான் வேடிக்கையான வேலை. ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பல் மிக வேகமாக ஓடும். 1782-இல் அதைப் பிடித்த ஆங்கிலேயர், அதன் அமைப்பை அப்படியே படமாக வரைந்துகொண்டு, அதே போலப் பல கப்பல்கள் கட்டினார்கள். பம்பாயிலும் ஒன்று வேண்டும் என்று வரைபடத்தை ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் அருகே அமெரிக்கக் கப்பல் ஒன்று ஜாவாவைத் தோற்கடித்து அழித்தது. வரைபடமும் போயிற்று! மறுபடியும் ஒரு நகல் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

காகிதத்தில் சாண் அளவு இருப்பதை 150 அடிக் கப்பலாக்குவது எப்படி? முதலில் பெரிய தளத்தின் தரையில், படத்தில் உள்ள வளைவுகளை உண்மையான அளவிலேயே வரைவார்கள். அந்தக் கோட்டின் மேல் மெல்லிய பலகையை வைத்து அச்சு வெட்டுவார்கள். அச்சுக்குப் பொருந்தும்படி மரத்தைச் செதுக்குவார்கள். ஒரு விலா மரம் பிசகினாலும், மேலே அடிக்கும் பலகை ஒட்டாது. தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

இங்கிலாந்தில் கப்பலுக்கு ஓக் மரம். அப்போது அங்கே அதற்குப் பஞ்சம். ஜாம்ஷெட்ஜி பயன்படுத்தியதோ மலபார்த் தேக்கு. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கில் உள்ள எண்ணெய் ஆணியைக் காக்கும். நம் வீட்டுப் பழைய தேக்குக் கதவைப் பாருங்கள், புரியும்.

1816-இல், பார்சி வழக்கப்படி, அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணியைத் தம் கையால் அறைந்து வேலையைத் தொடங்கினார். 1817 அக்டோபர் 12-இல் கப்பல் கடலில் இறங்கியது. இலங்கைத் துறைமுகத்தின் நினைவாக அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? திருகோணமலை! ஆங்கிலேயர் வாயில் அது ட்ரிங்கோமலி ஆகிவிட்டது.

ஜாம்ஷெட்ஜி 1821-இல் காலமானார். இங்கிலாந்தின் கிரீனிச் அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியம் இருக்கிறது. வெள்ளைத் தலைப்பாகை, கையில் கவராயம், இடுப்பில் கம்பெனி பரிசளித்த வெள்ளி அளவுகோல்.

கப்பல்? 1987-இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்தார்கள். 2001-இல் வேலை முடிந்தது. பாதிக்கு மேல் பழைய மரமே தாங்கியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இன்னமும் தண்ணீரில் மிதப்பவற்றுள் மிகப் பழையது அந்தப் பம்பாய்த் தேக்குக் கப்பல்தான்.