எட்வர்டு ஆமில்டன் எயிட்கன்

எட்வர்டு ஆமில்டன் எயிட்கன் (ஆகஸ்டு 16, 1851 - ஏப்ரல் 1909) இந்தியாவில் பணியாற்றிய இயற்கை ஆர்வலரும் நகைச்சுவை எழுத்தாளரும் ஆவார். தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஈஹா என்னும் புனைபெயரில் எழுதினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை 1883 இல் நிறுவிய எண்மருள் இவரும் ஒருவர். அவ்வெண்மருள் ஆத்மாராம் பாண்டுரங்கு, சகாராம் அர்ச்சுன் ஆகிய இருவரும் இந்தியர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கை

எயிட்கன் மராட்டியப் பகுதியின் சதாராவில் பிறந்தார். தந்தையார் ஸ்காட்லாந்து சமயப் பணியாளர். மகனுக்கு அவரே ஆசிரியராகவும் இருந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற எயிட்கன், புனே தக்காணக் கல்லூரியில் இலத்தீன் கற்பித்தார். 1876 இல் சுங்க, உப்புத் துறையில் சேர்ந்தார். அடிக்கடி நேர்ந்த இடமாற்றங்கள் அவரை உப்பளங்களுக்கும் காடுகளுக்கும் கொண்டு சென்றன.

வண்ணத்துப்பூச்சி ஆய்வு

அக்காலத்துச் சேகரிப்பாளர் பலர் வளர்ந்த பூச்சியைப் பிடித்து ஊசியில் குத்தி வைப்பதோடு நின்றுவிட்டனர். அதன் முட்டை எங்கு இடப்படுகிறது, புழு எதைத் தின்கிறது என்பன பெரும்பாலும் அறியப்படாமலே இருந்தன. வட கன்னட மாவட்டத்தில் எயிட்கன், மாவட்ட ஆட்சியர் ஜேம்ஸ் டேவிட்சன், வனத்துறை அலுவலர் டி. ஆர். பெல் ஆகிய மூவரும் இக்குறையை நீக்க முற்பட்டனர். புழுக்களைத் தேடியெடுத்து, உரிய தழையிட்டு வளர்த்து, கூட்டுப்புழுவாகிப் பூச்சி வெளிவரும்வரை கவனித்துக் குறிப்பெழுதினர்.

இது எளிய வேலையன்று. பெரும்பாலான இனங்களின் புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளையே உண்ணும்; வேறு தழையிட்டால் பட்டினியால் மடியும். எனவே பூச்சியை அறியச் செடியையும் அறியவேண்டும். எருக்கம்பூச்சி இதற்கு நல்ல சான்று. திருப்பூரை அடுத்த முதலிபாளையம் போன்ற ஊர்களின் சாலையோர எருக்கிலும் அதன் வரிப்புழுவைத் தேடிக் காணலாம். தோற்றத்தால் ஏமாற்றும் இனங்களைப் பிரித்தறியவும் புழுப்பருவம் உதவுகிறது. கறிவேப்பிலை அழகியின் பெண் வடிவங்களுள் சில, நச்சுத்தன்மையுள்ள உரோசா அழகிகளைப் போலவே இருக்கும். ஆனால் முன்னதன் புழு கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றிலும், பின்னவற்றின் புழு ஆடுதீண்டாப்பாளை இனக் கொடிகளிலும் வளரும்.

மூவரின் கட்டுரைத் தொடர் 1896 முதல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பின்னர் பிங்காம் எழுதிய இந்திய வண்ணத்துப்பூச்சி நூல்களில் (1905, 1907) புழு, கூட்டுப்புழு பற்றிய இவர்களுடைய குறிப்புகள் எடுத்தாளப்பட்டன. ஒளிப்படக் கருவி கைக்கருவியாகாத காலத்தில் இவ்வளவு நுணுக்கமாக எழுதியது வியப்புக்குரியது.

நூல்களும் பிற்காலமும்

வீட்டைச் சுற்றியுள்ள உயிரினங்களை நகைச்சுவையுடன் விவரிக்கும் இவரது முதல் நூல் 1883 இல் வெளியானது. இந்தியப் பணியாளர்களைப் பற்றிய 1889 ஆம் ஆண்டு நூலில் ஆட்சியாளரின் மேட்டிமை வெளிப்படுவதை மறுப்பதற்கில்லை.

1902 இல் கோவா எல்லைச் சுங்கச் சாவடிகளின் காவலர்களை வாட்டிய மலேரியாவை ஆராய அனுப்பப்பட்டார். அங்கு இவர் கண்டறிந்த புதிய கொசு இனம் அனோபிலிசு எயிட்கெனி எனப் பெயர் பெற்றது. 1906 இல் ஓய்வு பெற்று எடின்பரோவில் குடியேறி, அங்கேயே காலமானார். இவர் தொகுத்த சிந்து மாகாண விவரச்சுவடி 1907 இல் வெளிவந்தது. பெல் ஓய்வுக்குப் பின்னும் கார்வாரிலேயே தங்கி, 1948 இல் இறந்தார்.