குண்டுமழைக்கு நடுவே பிஞ்சு மனங்களைப் படித்த ஆன்னா ஃபிராய்ட்

முழங்காலில் அடிபட்ட பிள்ளைக்கு மருந்து போடத் தெரிந்த பெரியவர்கள், மனத்தில் அடிபட்ட பிள்ளையை அதட்டி அடக்கிய காலம் ஒன்று இருந்தது. பிள்ளை காரணமின்றி அழுதால் பிடிவாதம் என்றார்கள். வளர்ந்த பிறகும் படுக்கையை நனைத்தால் பிரம்பை எடுத்தார்கள். அந்த நடத்தைகளுக்குப் பின்னால் சொல்லத் தெரியாத துயரம் இருக்கலாம் என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் முக்கியமானவர் ஆன்னா ஃபிராய்ட்.

1895 டிசம்பர் 3ஆம் நாள் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஆன்னா பிறந்தார். உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் போற்றப்படும் சிக்மண்ட் ஃபிராய்டின் ஆறு பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. பல்கலைக்கழகப் படிப்போ மருத்துவப் பட்டமோ இவருக்குக் கிடையாது. இவர் தொடங்கிய தொழில் ஆசிரியர் பணிதான். வகுப்பறையில் பிள்ளைகளோடு பழகிய அனுபவமே பின்னாளில் இவருக்குக் கைகொடுத்தது.

1923இல் சிறுவர்களுக்கு மனநல சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். பெரியவர்கள் தாங்களாகவே உதவி தேடி வருவார்கள். பிள்ளைகளையோ பெற்றோர்தான் கூட்டி வருகிறார்கள். ஆகவே, முதலில் பிள்ளையின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பது இவருடைய கொள்கை. சிகிச்சைக்கு வந்த ஒரு சிறுமியின் பொம்மைகளுக்கெல்லாம் இவரே உடை பின்னிக் கொடுத்தார். விளையாட்டு, ஓவியம், கனவு ஆகியவற்றின் வழியே பிள்ளைகள் மனத்தைத் திறக்க இடம் கொடுத்தார். பெற்றோரையும் அழைத்துப் பேசினார்.

1938இல் நாஜிப் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. யூதக் குடும்பமான இவர்களுக்கு ஆபத்து சூழ்ந்தது. ரகசியப் போலீசார் ஆன்னாவை அழைத்துச் சென்று விசாரித்தனர். அந்த ஆண்டு ஜூன் மாதம் குடும்பம் லண்டனுக்கு அடைக்கலம் தேடிச் சென்றது. மறு ஆண்டே தந்தை காலமானார்.

லண்டன் மீது ஜெர்மனி குண்டு வீசிய நாள்களில், 1941இல், தோழி டோரதி பர்லிங்ஹாமுடன் சேர்ந்து ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். அங்கே கண்ட ஓர் உண்மை பலரையும் வியக்க வைத்தது. தாயின் அணைப்பில் இருந்துகொண்டு குண்டுவீச்சைக் கண்ட குழந்தைகளைவிட, பாதுகாப்புக்காகத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்ட குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தனர். பேசப் பழகியவர்கள் பேச்சை மறந்தார்கள். விட்டுவிட்ட விரல் சூப்பும் பழக்கம் திரும்பியது.

எனவே, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று விதி வகுத்தார். நான்கைந்து குழந்தைகளை ஒரு குடும்பமாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு பணிப்பெண்ணைத் தாய்போல் அமர்த்தினார். முதலில் அழுகையும் பொறாமையும் பொங்கின. பின்னர், நின்றுபோன வளர்ச்சி மீண்டும் துளிர்த்தது.

குண்டுவீச்சில் தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் காகித வீடுகள் கட்டி, கோலிகளைக் குண்டுகளாகப் போட்டு விளையாடினான். அவன் விளையாட்டில் மட்டும் எல்லோரும் உயிர்பிழைத்தார்கள். இடிந்த வீடுகள் எல்லாம் திரும்ப எழுந்தன. தந்தையின் மரணத்தை ஏற்க முடியாத மனம் அப்படி ஆறுதல் தேடியது. அவனை யாரும் வற்புறுத்தவில்லை. மாதங்கள் கடந்து, நடந்ததை அவனே வாய்விட்டுச் சொன்னபோது அந்த விளையாட்டுக்குத் தேவையில்லாமல் போயிற்று.

போர் முடிந்த 1945இல், நாஜி முகாமில் வளர்ந்த ஆறு அனாதைக் குழந்தைகள் இங்கிலாந்து வந்தனர். எல்லோருக்கும் ஏறக்குறைய மூன்று வயது. பெரியவர்களைக் கடித்தார்கள், துப்பினார்கள், பொம்மைகளை உடைத்தார்கள். ஆனால், தங்களுக்குள் உணவைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவரை விட்டு ஒருவர் சிறிது நேரமும் பிரிய மறுத்தார்கள். அந்தப் பிணைப்பைக் கலைக்காமல், பொறுமையோடு பராமரித்ததில், மெல்ல மெல்லப் பெரியவர்களையும் நம்பத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி ஆன்னா 1951இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

1947இல் குழந்தை மனநல சிகிச்சையாளர்களுக்கான பயிற்சியையும் 1952இல் சிகிச்சை நிலையத்தையும் லண்டனில் தொடங்கினார். பெற்றோர் பிரியும் வழக்குகளில், பிள்ளை யாரிடம் பாசமும் பாதுகாப்பும் காண்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்றும் வாதிட்டார்.

திருமணம் செய்துகொள்ளாத ஆன்னா, 1982 அக்டோபர் 9ஆம் நாள் தமது 86ஆவது வயதில் லண்டனில் காலமானார். அவர் நிறுவிய நிலையம் அவருடைய பெயரிலேயே இன்றும் இயங்கி வருவது குறிப்பிடத்தக்கது. பிள்ளை திடீரென்று அடம் பிடித்தாலும் பேச்சைக் குறைத்தாலும், தண்டிப்பதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். வீட்டில் தீராவிட்டால் தகுந்த சிகிச்சையாளரை நாடத் தயங்கக்கூடாது. அவருடைய வாழ்க்கை பெற்றோருக்கு விட்டுச்சென்ற பாடம் இது.