பூமியின் நாடியறிந்த ஓல்டாம்

மரக்காணத்து உப்பளங்களின் வரப்பில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு இந்நிலம் அசைவற்றதென்றே தோன்றும். பாத்திகளும் மணற்கரையும் அப்பால் கடலுமேயன்றி, கண்ணுக்கெட்டிய தூரத்தில் எரிமலை யாதுமில்லை. ஆயினும் 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் உண்டான பூகம்பம் இக்கரையைக் குலுக்கிற்று. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் சுமத்திராவின் அருகே கடலடி நிலம் பிளந்தெழுந்த பேரலையோ ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் இங்கு வந்து மோதிற்று. இவற்றை நினைக்குந்தோறும் ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்டாம் என்னும் பேரறிஞரின் வரலாறு நம் நினைவுக்கு வருகின்றது.

இவர் 1858இல் டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வு இலாகாவின் முதல் தலைவர். தந்தையார் 1878இல் காலஞ்சென்றார். மறு ஆண்டே மைந்தர் அவ்விலாகாவிற் சேர்ந்தார். 1869ஆம் ஆண்டின் கச்சார் பூகம்பத்தைக் குறித்தும், இந்தியப் பூகம்பங்களின் அட்டவணையாகவும் தந்தையார் எழுதி முடியாது விட்ட நூல்களை முடித்துத் தந்தையார் பெயராலேயே வெளியிட்டார். இப்பணியைப் பெரிதாகப் பேசுவாரில்லை; நாமோ இதனைச் சிறிதெனக் கருதோம்.

1881 டிசம்பர் 31ஆம் தேதி கார் நிக்கோபார் அருகே பூகம்பம் நேர்ந்தது. சென்னை முதலிய துறைமுகங்களில் கடல் மட்டத்தைப் பதியுங் கருவிகள் அதன் அலையைக் கோடாக வரைந்து காட்டின. ஓல்டாம் அப்பூகம்பத்தை ஆராய்ந்து எழுதினார். 1883இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோதும் அக்கருவிகள் அதன் அலையைப் பதிந்தன. எனினும் 123 ஆண்டுகளுக்குப் பின் பேரலை வந்த காலையில் இக்கடலுக்கென எச்சரிக்கை நிலையம் ஒன்றும் இருந்ததில்லை!

1897 ஜூன் 12ஆம் தேதி அஸ்ஸாமில் நேர்ந்த பெரும் பூகம்பமே இவரது புகழுக்குக் காரணமாயிற்று. ஷில்லாங் நகரின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓல்டாம் அந்நாடெங்குஞ் சென்று ஆராய்ந்தார். பாறைகள் தாம் கிடந்த குழியின் விளிம்பைத் தொடாமலே மேலெறியப்பட்டிருக்கக் கண்டு, நிலத்தின் அசைவு புவியீர்ப்பையும் மிஞ்சிற்றெனத் துணிந்தார். 1899இல் வெளிவந்த அவ்வறிக்கையைப் பூகம்ப சாஸ்திரிகள் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர். அதன்பின் ஷில்லாங் மாந்தர் கல்லைத் தவிர்த்து, மரச்சட்டமும் நாணற்சுவரும் இலேசான கூரையுமுள்ள வீடுகளைக் கட்டலாயினர்.

தொலைவிலுள்ள கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்த இவர், பூகம்பத்தினின்று மூவகை அலைகள் வெவ்வேறு வேகத்திற் புறப்படுதலை 1900இல் விளக்கினார். உடல்நலங் குன்றவே 1903இல் வேலையை விட்டுத் தாய்நாடு திரும்பினார். நோயாளர் என்று எண்ணப்பட்ட அவரே, 1906இல், பூமியின் நடுவே வேறு தன்மையுடைய கருவொன்று உண்டென்பதை அவ்வலைகளைக் கொண்டு நாட்டினார். கருவின் அளவை அவர் குறைத்தே மதித்தார். பின்வந்தோர் அதனைத் திருத்தினர். 1936இல் வேல்ஸ் நாட்டில் உயிர் நீத்தார்.

சுமத்திராவில் எழும் நில அலை சில நிமிடங்களில் நம் கருவிகளை எட்டும். கடலலைக்கோ இரண்டு மணிக்கு மேல் வேண்டும். இவ்விடைவெளியைக் கொண்டே 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் தொடங்கிற்று. புதுச்சேரிக் கடலடியில் நேர்ந்தது போன்ற அண்மைப் பூகம்பத்திலோ அவ்வவகாசம் கிட்டாது. ஆங்கு வீட்டின் கட்டுமானமே துணை.